பத்து சதவீதம் கூட்டிப் போட்டால் பட்ஜெட் ஆகிவிடாது

வாசகி கேள்வி: ஐயா, வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) எங்கள் ஊர். எம்.காம் முடித்து, குரூப் 4 தேர்வு எழுதி, நீலகிரியில் ஒரு நகராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். இப்போது கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இந்த வருடம் பட்ஜெட் வேலை என் மேசைக்கு வந்திருக்கிறது. “போன வருஷத் தொகையில பத்து பர்சன்ட் கூட்டிப் போடும்மா, அவ்வளவுதான்” என்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தோழி, அமெரிக்க நகரங்களில் பட்ஜெட் அனலிஸ்ட் என்று தனி வேலையே உண்டு, நல்ல மதிப்பு என்கிறாள். நம் ஊரில் இந்த வேலைக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? இல்லை, விட்டுவிட்டு வேறு வழி பார்க்கட்டுமா?

பதில்: விட்டுவிட வேண்டாம் அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், நீலகிரியிலும் இருந்திருக்கிறேன், கொடைக்கானலிலும் இருந்திருக்கிறேன். உங்கள் மேசைக்கு வந்திருப்பது அந்த அலுவலகத்தின் மிக முக்கியமான வேலைகளில் ஒன்று. அதை யாரும் உங்களுக்கு அப்படி எடுத்துச் சொல்லவில்லை.

உங்கள் தோழி சொல்வது உண்மைதான். அங்கே மேயருக்கோ நகர மேலாளருக்கோ கீழே பட்ஜெட் அலுவலகம் தனியாக இருக்கும், ஒருவர் போலீஸ் துறையின் செலவைப் பார்ப்பார், இன்னொருவர் பூங்காக்களைப் பார்ப்பார், துறை கேட்கிற ஒவ்வொரு தொகைக்கும் ‘ஏன் இவ்வளவு, போன வருடம் கொடுத்ததை என்ன செய்தீர்கள்’ என்று கேட்டு எழுதி மேலே அனுப்புவதுதான் அவர்கள் வேலை. நம் நகராட்சிகளில் அந்தப் பெயரில் பணியிடம் கிடையாது. கணக்கர் கொஞ்சம், மேலாளர் கொஞ்சம், வருவாய்ப் பிரிவு கொஞ்சம், பொறியியல் பிரிவு கொஞ்சம் என்று அந்த வேலை சிதறிக் கிடக்கிறது. யாருடைய முழுப் பொறுப்பும் இல்லை என்பதால்தான் பத்து சதவீதம் என்கிற குறுக்குவழி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தனி அலுவலகம் வைத்திருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1975-ல் நியூயார்க் நகரமே திவாலாகும் விளிம்புக்குப் போனது. வராத பாக்கியை எல்லாம் வரவாக எழுதினார்கள், அந்த வரவைக் காட்டிக் குறுகிய காலக் கடன் வாங்கினார்கள், அன்றாடச் செலவை, கட்டடம், சாலை மாதிரி நீடித்து நிற்பவற்றுக்கான மூலதனச் செலவுக் கணக்கில் ஏற்றினார்கள், கடைசியில் வங்கிகள் இனிக் கடன் கிடையாது என்றன. அவ்வளவு பெரிய நகரத்தைச் சாய்த்த அதே பழக்கம்தான் நம் ஊர் பட்ஜெட் புத்தகத்திலும் இருக்கிறது, அளவுதான் சிறியது. அதற்கு மருந்து, வருகிற பணத்தை மட்டும் வரவாக எழுதுவது, அது எப்போது வரும் என்பதையும் சேர்த்து எழுதுவது. உங்களிடம் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான், கீழே எழுதுவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதற்கு.

முதலில் கேட்பு (கட்ட வேண்டும் என்று நகராட்சி கேட்கிற தொகை), வசூல், நிலுவைப் பட்டியலை எடுங்கள். உங்கள் அலுவலகத்தில் டிசிபி என்பார்கள். ஒரு பேச்சுக்கு, சொத்து வரியில் பழைய நிலுவை 4 கோடி, இந்த வருடக் கேட்பு 3 கோடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7 கோடி. சட்டப்படி வர வேண்டிய பணம் என்பதால் 7 கோடியும் பட்ஜெட்டில் வரவாக ஏறிவிடும். ஆனால் கடந்த ஐந்து வருடப் பட்டியலைப் புரட்டினால் நடப்புக் கேட்பில் 80 சதவீதமும் பழைய நிலுவையில் 20 சதவீதமும்தான் வசூலாகிறது என்று வையுங்கள், அப்படியானால் கைக்கு வரப்போவது 2 கோடியே 40 லட்சமும் 80 லட்சமும் சேர்ந்து 3 கோடியே 20 லட்சம். மிச்சம் 3 கோடியே 80 லட்சத்துக்குச் செலவு எழுதி, மன்றத்தில் தீர்மானம் போட்டு, டெண்டரும் விட்டாயிற்று என்றால் என்ன ஆகும்? ஒப்பந்ததாரர் பில் தேங்கும், மின் கட்டணம் பாக்கி நிற்கும், ஓய்வூதியப் பங்குத் தொகை கட்டாமல் தள்ளிப்போகும். அடுத்த டெண்டரில் பில் தாமதமாகும் என்று தெரிந்தே விலையை ஏற்றிப் போடுவார்கள். இல்லாத பணத்தை எழுதியதற்கு ஊர் இப்படி வட்டி கட்டும்.

நம் நகராட்சிகள் 2000-01 முதல் அக்ரூவல் கணக்கு முறைக்கு மாறிவிட்டன. நீங்கள் எம்.காம், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கேட்பு எழுப்பிய உடனே அது வருமானமாக ஏறிவிடும், காசு வந்ததா என்பது தனிக் கேள்வி. ஆண்டுக் கணக்குக்கு அந்த முறை நல்லது. பட்ஜெட் போடும்போது உங்களுக்குக் காசு வருமா என்கிற அந்தக் கேள்விதான் உயிர். அதனால் நிலுவையை வயது வாரியாகவும் காரண வாரியாகவும் பிரித்துவிடுங்கள். வழக்கில் நிற்பது எவ்வளவு, இடிந்து போன கட்டடத்தின் பேரில் இன்னும் ஏறிக்கொண்டிருப்பது எவ்வளவு, ஒரே கட்டடத்துக்கு இரண்டு வரிவிதிப்பு எண் இருப்பது எவ்வளவு, கட்ட வசதியிருந்தும் கட்டாதவர்கள் யார். மத்திய அரசுக் கட்டடங்கள் மேல் சொத்து வரி போட முடியாது, அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு தடுக்கிறது, சேவைக் கட்டணம் மட்டும்தான் கேட்கலாம். நீலகிரியில் அப்படிப்பட்ட கட்டடங்கள் கணிசமாக உண்டு, அவை எந்தத் தலைப்பில் ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். கடை வாடகையையும் தனியாக எடுங்கள். 2021-ல் ஊட்டி மார்க்கெட்டில் வாடகை பாக்கிக்காகக் கடைகளுக்கு சீல் வைக்கும் நிலை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வாடகையைக் காலாகாலத்தில் சீராய்வு செய்யாமல் விட்டு, பிறகு ஒரேயடியாக ஏற்றினால் வியாபாரி கட்ட மாட்டார், கட்டவும் முடியாது, ஆனால் பட்ஜெட்டில் அந்தத் தொகை வருடா வருடம் வரவாக வந்து உட்கார்ந்திருக்கும்.

போக்கைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் சொத்து வரி சீராய்வு வந்தது. அதற்கு முந்தைய வருடத்தையும் பிந்தைய வருடத்தையும் சேர்த்துச் சராசரி வளர்ச்சி எடுத்தால் ஊர் வேகமாக வளர்கிறது என்று கணக்கு சொல்லும். ஊர் வளரவில்லை, வரிவீதம் ஏறியது. 2020-21-ல் ஊரடங்கு, பார்க்கிங் குத்தகையும் படகுக் குத்தகையும் படுத்துப் போயிருக்கும். இந்த இரண்டையும் குறித்து வைத்துவிட்டுத்தான் சராசரியைத் தொட வேண்டும்.

இனி மலைக்கு வருகிறேன். கோயம்புத்தூர் பக்கத்து நகராட்சிக்கும் உங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், அங்கே புது மனை, புது அடுக்குமாடி என்று வரி விதிக்கக் கட்டடம் பெருகிக்கொண்டே இருக்கும். இங்கே 1990-ல் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் வந்தது முதல் கட்டட அனுமதிக்குக் கட்டுப்பாடு, நீலகிரியில் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு தேவையானது, மலைச்சரிவைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வருவாய் பெருகும் வழி புதுக் கட்டடத்தில் இல்லை, இருக்கிற கட்டடத்தைச் சரியாக மதிப்பிடுவதில்தான் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. வீடு என்று வரி கட்டிக்கொண்டு காட்டேஜாக வாடகைக்குப் போகும் கட்டடங்கள் எத்தனை? அறை முன்பதிவு செய்யும் இணையதளங்களில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு வருகிற பட்டியலை, வார்டு வாரியாக வரிவிதிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மேசையை விட்டு எழுந்திருக்காமலே செய்யக்கூடிய வேலை இது. ஆணையரிடம் அதைப் பட்டியலாகக் கொடுங்கள், களத்துக்குப் போய் அளப்பது வருவாய் ஆய்வாளர் வேலை.

அடுத்தது மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பில் உதகமண்டலம் 88,430 பேர், குன்னூர் 45,494, கொடைக்கானல் 36,501. மானியங்களைப் பங்கிடும்போது பெரிய எடை மக்கள்தொகைக்குத்தான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊர்களில் குப்பை போடுவதும் தண்ணீர் குடிப்பதும் கழிப்பறைக்குப் போவதும் எவ்வளவு பேர் என்பதற்கு அந்த எண்ணோடு சம்பந்தமே இல்லை. உள்ளூர்க்காரர் கட்டுகிற வரியில்தான் அந்தக் குப்பை தீட்டுக்கல், ஓட்டுப்பட்டறை, பிரகாசபுரம் குப்பைக் கிடங்குகளுக்கு லாரி ஏறிப் போகிறது. முன்பெல்லாம் இதை நாம் மேலே எடுத்துச் சொன்னால் ‘எண்ணிக்கைக்கு ஆதாரம் என்ன’ என்று கேட்பார்கள், நம்மிடம் பதில் இருக்காது. இப்போது இருக்கிறது. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே, அதில் நாள் வாரியாக வண்டி எண்ணிக்கை பதிவாகிறது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

இந்த எண்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். பக்கத்திலேயே அந்தந்த நாளில் உங்கள் ஊரில் அள்ளிய குப்பை எத்தனை டன், டேங்கர் எத்தனை நடை, தற்காலிகத் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். ஒரு சீசன் முழுக்க இந்த அட்டவணை இருந்தால் ஆயிரம் வண்டி வந்தால் ஊருக்கு எவ்வளவு செலவு என்று சொல்லிவிடலாம். மலை ஊருக்குத் தனி மானியம் கேட்டு நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கு எழுதும்போது இதைவிட வலுவான ஆதாரம் வேறு கிடையாது. பார்க்கிங் குத்தகையின் மதிப்பீட்டுக்கும் இதே அட்டவணைதான் ஆதாரம், ஏனென்றால் வண்டிக்கு உச்சவரம்பு இருக்கும்போது பழைய குத்தகைத் தொகையில் பத்து சதவீதம் கூட்டி ஏலம் கேட்க யாரும் வர மாட்டார்கள்.

செலவுப் பக்கத்தில் மலைக்கென்றே சில தலைப்புகள் உண்டு. பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணீரை ஊட்டிக்கு மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள், அதனால் மின் கட்டணம் ஏறினால் தண்ணீரின் அடக்க விலையும் ஏறும், ஆனால் குடிநீர்க் கட்டணம் அதே இடத்தில் நிற்கும். குப்பை லாரி கொண்டை ஊசி வளைவில் குடிக்கிற டீசலைச் சமவெளிக் கணக்கில் போட முடியாது, உங்கள் வண்டிகளின் லாக் புத்தகத்தில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். மழை வேறு நமக்கு இரண்டு தடவை. கூடலூர், ஊட்டி பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு. 2009 நவம்பரில் மண்சரிவில் எத்தனை உயிர் போயிற்று என்று உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. தடுப்புச்சுவர், வடிகால், சிறுபாலப் பழுது ஆகியவற்றுக்கு ‘எதிர்பாராச் செலவு’ என்று சிறு தொகை எழுதி வைப்பது மலையில் நியாயமே இல்லை, அவை ஒவ்வொரு வருடமும் வருகிற செலவு. பத்து வருடச் செலவை எடுத்துச் சராசரி போட்டு, தனித் தலைப்பில் எழுதச் சொல்லுங்கள்.

நிதிகளைக் கலக்காதீர்கள். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்றும் தனித்தனி. சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி, ரூபாய்க்கு 10 பைசா, உங்கள் நகராட்சிப் பணமே அல்ல, நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டியது. மாதக் கடைசியில் சம்பளத்துக்குப் பணம் குறைகிறது என்று ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் தணிக்கைத் தடைகளில் (தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபணைகளில்) அடிக்கடி வருவது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கொடுத்த மானியத்திலும் நம் மாதிரி ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்ட பணம்தான், மிச்சம் 40 சதவீதத்தையும் சம்பளத்துக்குத் தொட முடியாது. எந்தப் பணம் எதற்கு மட்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம். கட்டுவதற்கு மானியம் வரும், பராமரிக்க வராது. பேருந்து நிலையம் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கழிப்பறை கட்ட 40 லட்சம் ஒதுக்கீடு வருகிறது என்று வையுங்கள். எல்லோருக்கும் சந்தோஷம், திறப்பு விழா நடக்கும். அதைக் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை சுத்தமாக வைத்திருக்க இரண்டு ஷிப்டுக்கு ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், பினாயில் வேண்டும், உடைகிற குழாயை மாற்ற வேண்டும், செப்டிக் டேங்க் லாரி வர வேண்டும். இதற்கு வருடத்துக்கு ஆறேழு லட்சம் ஆகும் என்றால் அந்த ஆறேழு லட்சம் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் இருக்கிறது? இல்லை என்றால் இரண்டாவது வருடத்தில் அதற்குப் பூட்டு விழும், மூன்றாவது வருடத்தில் புதுக் கழிப்பறைக்கு எஸ்டிமேட் வரும். அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள், டூர் பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்கள், மார்க்கெட்டில் கேரட் மூட்டை பிரித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவர்கள். அவர்களுக்கு அந்த ஆறேழு லட்சத்தை எழுதி வைக்க வேண்டியவர் நீங்கள்தான், வேறு யாரும் எழுத மாட்டார்கள். ஒவ்வொரு புது மூலதனப் பணிக்கும் எதிரே, அடுத்த ஐந்து வருடப் பராமரிப்புச் செலவு என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். பொறியியல் பிரிவினர் முதலில் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள்.

கவுன்சிலர்கள் அழுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். அவர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். வார்டு மக்கள் வீட்டு வாசலுக்கே வந்து கேட்பது அவர்களிடம்தான். எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை மன்றத்துக்கு, அதன் விலை என்ன என்று சொல்லும் பொறுப்பு உங்களுக்கு. ‘முடியாது’ என்று நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. ‘இந்த ரோட்டைச் சேர்த்தால் இந்த வருடம் இன்ன இரண்டு பணியைத் தள்ளிவைக்க வேண்டும், இல்லையென்றால் கடை வாடகை பாக்கியில் இவ்வளவு கூடுதலாக வசூலிக்க வேண்டும்’ என்று ஒரு பக்கக் குறிப்பாக எழுதி ஃபைலில் வைத்து மேலே அனுப்புங்கள். வாயால் சொன்னது அடுத்த நாள் மறந்துபோகும், குறிப்பு நிற்கும். உங்கள் மேலதிகாரி அதை மாற்றி எழுதினால் மாற்றட்டும், அது அவர் கையெழுத்து. உங்கள் கணக்கு உங்கள் கையெழுத்தில் அங்கே இருக்கும்.

பத்து சதவீதம் கூட்டச் சொன்னவரோடு இப்போதே மோத வேண்டாம். அவர் கேட்டபடி ஒரு பட்டியல் கொடுங்கள், கூடவே நீங்கள் போட்ட பட்டியலையும் வையுங்கள், எல்லாத் தலைப்பிலும் வேண்டாம், சொத்து வரி, கடை வாடகை, குடிநீர்க் கட்டணம், மின்சாரம், டீசல், இந்த ஐந்துக்கு மட்டும். முந்தைய வருட அசல், நடப்பு வருடத் திருத்திய மதிப்பீடு, அடுத்த வருட மதிப்பீடு என்ற மூன்று பத்திகளுக்கும் பக்கத்தில், நான்காவதாக ‘போன வருடம் எழுதியதும் வந்ததும்’ என்று வித்தியாசத்தைக் காட்டுங்கள். அந்த நான்காவது பத்தி பேசுகிற மாதிரி நீங்களோ நானோ பேச முடியாது.

கற்றுக்கொள்வது பற்றி. எக்செல்லில் பிவட் டேபிள் (எண்களைத் தலைப்பு வாரியாகத் தொகுக்கும் வசதி) தெரிந்தால் இப்போதைக்குப் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது, கூடவே 2023-ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. பழைய 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஊறியவர்கள் உங்கள் அலுவலகத்தில் இருப்பார்கள், புதுச் சட்டத்தின் நிதி, வரி அத்தியாயங்களை நீங்கள் நிதானமாகப் படித்துவிட்டால் அவர்களே உங்களிடம் வந்து கேட்பார்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை உங்கள் நகராட்சிக்குக் கொடுத்த பழைய தணிக்கை அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், உங்கள் ஊர் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று அதைப்போல எந்தப் புத்தகமும் சொல்லாது. அப்புறம், ஒரு நாள் விடியற்காலையில் துப்புரவு ஆய்வாளரோடு போய் குப்பை வண்டி கிளம்புவதைப் பாருங்கள், ஒரு நாள் பம்ப் ஹவுஸுக்குப் போய் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். பட்ஜெட்டில் ஒரு வரியாக இருக்கிற தொகைக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் அதைக் குறைப்பதா கூட்டுவதா என்பதில் உங்கள் கை தானாக நிதானப்படும்.

வேலையில் மேலே போகும் வழியும் இருக்கிறது. சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வை முதலில் முடித்துவிடுங்கள், துறைத் தேர்வுகளைத் தேர்வாணையம் வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. அதோடு குரூப் 2-க்கும் படியுங்கள். இரண்டாம் நிலை நகராட்சி ஆணையர் பணியும் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் உதவி ஆய்வாளர் பணியும் அந்த வழியாகத்தான் வருகின்றன, இரண்டுக்கும் நீங்கள் இன்று பார்க்கிற வேலையே பாதிப் பயிற்சி. பெங்களூரில் கிடைக்கிற சம்பளம் இங்கே கிடைக்காது, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை, வீட்டுக் கடனோ தம்பி படிப்போ உங்கள் தலையில் இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு பட்ஜெட்டை முழுதாக, உங்கள் முறையில், ஏப்ரலிலிருந்து மார்ச் வரை கூடவே இருந்து பாருங்கள். மாதா மாதம் எழுதியதையும் வந்ததையும் ஒப்பிட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த மார்ச்சில் அந்த நோட்டோடு எனக்கு எழுதுங்கள், எந்தத் தலைப்பில் எவ்வளவு விலகியது, ஏன் விலகியது என்று சேர்ந்தே பார்ப்போம்.